சோடியத்தின் சகலை

மார்ச் 4, செவ்வாய்

இன்று குளத்துத் தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருந்தது. பி.எச். 7.4. குளோரின் சரி. காலை ஆறு மணிக்கே நீந்த வரும் அக்காக்கள் இருவரும் போகும்போது, "இன்னிக்குக் கண்ணு எரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருடமாக இந்த நீச்சல்குளத்தின் பம்ப் ரூமில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பாராட்டு இதுதான்.

வேலை முடிந்ததும் கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நீர்ப் பரிசோதனைப் படிப்பு, இரண்டு வருடம். கொடுத்த பிறகுதான் கவுன்ட்டரில் இருந்த பெண் சொல்கிறாள் — வேதியியலில் ஒரு தேர்வு உண்டாம். நூற்றுக்கு அறுபது எடுத்தால் நேரடி வகுப்பு, மாலையில். எடுக்காவிட்டால் ஒரு வருடம் ஆயத்த வகுப்பு. அது காலையில் மட்டும்தான். என் வேலை காலை ஆறு முதல் இரண்டு வரை. ஆக, அறுபது இல்லையென்றால் எனக்குப் படிப்பே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் வேதியியலில் எடுத்தது முப்பத்தொன்று. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து "எனக்கு அதெல்லாம் மண்டைல ஏறாது" என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சும்மா இருக்காமல் எதற்கு இந்த வேலை எனக்கு?

மார்ச் 5, புதன்

எதற்கு என்று எழுதியே வைக்கிறேன். பின்னால் என்னை நானே திட்டிக்கொள்ளும்போது எடுத்துப் பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை நகரப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் வருவார். குளத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார். ஒரு வாரத்தில் ஒரு காகிதம் வரும், முழுக்க எண்கள். கடைசி வரியில் "ஏற்கத்தக்கது." மேனேஜர் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சொருகுவார், பழையதைக் கிழித்துப் போடுவார். அந்தப் பாட்டில் போய்ச் சேர்ந்த இடத்தில் அதை என்ன செய்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து, கால் கழுவி, உட்கார்ந்த நேரம் பார்த்துச் சொன்னேன். "கெமிஸ்ட்ரியா? நமக்குள்ள நல்லாத்தானே இருக்கு" என்றார். கையில் இருந்த கரண்டியைக் காட்டினேன். பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நெஜமாவா? எப்போ பரீட்சை?" என்று கேட்டார். ஏப்ரல் 26 என்றேன். காலண்டரில் அவரே வட்டம் போட்டார்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அதே கல்லூரியில் வேறொரு படிப்பு, பகல் வகுப்பு, இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் குட்டி வக்கீல். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி. "அண்ணி, அந்தப் பரீட்சை ரொம்பக் கஷ்டம். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு மேல ஆயத்த வகுப்புலேருந்து வந்தவங்கதான்" என்றாள். பயமுறுத்துகிறாளே என்று பார்த்தால், அடுத்த நிமிடம் தன் பழைய நோட்டுகளைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். "நாளையிலேருந்து சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு. டிவி கெடையாது."

மார்ச் 9, ஞாயிறு

சமன்பாடு சமன் செய்வது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆக வேண்டும். வலப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று குறைந்தது. குறைந்தால் என்ன, போட்டுவிட்டால் போயிற்று — ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு 2 போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது.

குட்டி வக்கீல் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி! குடிக்கிற தண்ணிய முடி வெளுக்கிற மருந்தா மாத்திட்டீங்க. கீழ இருக்கிற நம்பர் மேல கைய வைக்கவே கூடாது. வீட்டுக்குள்ள இருக்கிற ஆளை மாத்தக் கூடாது. ஆள் பத்தலன்னா அதே மாதிரி இன்னொரு வீடு கட்டுங்க. நம்பர் முன்னாடிதான் வரும்."

இது ஏறியது. இதை அன்றைக்குப் பள்ளியில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 15, சனி

முதல் மாதிரித் தேர்வு. முப்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடத்தில் மூன்று மதிப்பெண் முன்னேற்றம். இதே வேகத்தில் போனால் அறுபதை எட்டும்போது எனக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

அவர் கேட்டார், எவ்வளவு என்று. "பரவாயில்ல" என்றேன்.

மார்ச் 22, சனி

இன்றைக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. விரிவாக எழுத வேண்டும்.

தனிம வரிசை அட்டவணை ஒரு வாரமாக என்னை அழ வைத்துக்கொண்டிருந்தது. எந்தக் கட்டத்தில் எது, எது எதோடு சேரும், ஒன்றும் நிற்கவில்லை. மதியம் குளம் மூடியிருந்த நேரம், பம்ப் ரூமில் அட்டவணையைப் பரப்பி வெறித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பட்டது: இது கல்யாண வீட்டுக் கூட்டமல்லவா?

மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் நிற்பவர்கள் பங்காளிகள். ஒரே குணம், ஒரே குறை, தங்களுக்குள் சம்பந்தம் பேச மாட்டார்கள். இடது ஓரத்தில் இருப்பவர்களிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் குளோரின் வீட்டாருக்கு ஒன்று குறைகிறது. கொடுக்கல் வாங்கல் முடிந்தது, சம்பந்தம் ஆயிற்று. சோடியமும் குளோரின் வீட்டில் பெண் எடுத்தவன், பொட்டாசியமும் அங்கேயே எடுத்தவன். அப்படியென்றால் இருவரும் சகலை! வலது ஓரக் கடைசி வரிசை யாரோடும் சேராது, விசேஷத்துக்கு வந்தாலும் கை நனைக்காமல் போகிற கௌரவக் குடும்பம்.

சாயங்காலம் குட்டி வக்கீலிடம் சொன்னேன். ஆட்சேபணை உடனே வந்தது. "பங்காளின்னு சொல்றீங்க, சகலைன்னும் சொல்றீங்க. ரெண்டும் எப்படி அண்ணி?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியக் கட்டினா சகலை ஆக மாட்டாங்களா?"

அவள் விடவில்லை. "சரி, கால்சியம்? அதுக்குக் கொடுக்க ரெண்டு இருக்கு. அப்போ குளோரினும் ரெண்டு வேணும்."

"அவன் ரெண்டு பொண்டாட்டிக்காரன்."

உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "அப்போ அலுமினியம்?" என்றார். அவருக்கு அலுமினியத்துக்கு மூன்று என்று எப்படித் தெரியும்? கேட்டால், எங்கள் பாடத்தை தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கும் ஏறிவிட்டதாம். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

அட்டவணையின் முதல் இருபது பேரும் யார் யாருக்கு என்ன உறவு என்று இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பரிசோதனைக்கூடப் பெண் வந்தார். இத்தனை வருடம் கேட்காததை இன்று கேட்டேன். மொள்ளும் முன்பே பாட்டிலுக்குள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கிடக்கிறதே, அது என்ன?

"அது குளோரினை அடக்குற உப்பும்மா. அது இல்லன்னா பாட்டில் லேப் வந்து சேர்றதுக்குள்ள குளோரின் வழியிலயே கிருமியெல்லாம் கொன்னுடும். அப்புறம் எந்தக் குளத்துத் தண்ணியும் சுத்தம்னுதான் வரும். நான் மொண்ட நேரத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே தெரியணும்ல?"

போகும்போது திரும்பி, "ஏன் கேக்கறீங்க?" என்றார். தேர்வு எழுதப் போகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து அதுபோல இன்னொரு மாத்திரையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கட்டடத்தில் யாரும் எனக்கு எதையும் இப்படிக் காட்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 5, சனி

மாதிரித் தேர்வு: நாற்பத்தேழு!

ஏப்ரல் 9, புதன்

மாதிரித் தேர்வு: நாற்பத்தொன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

ஏப்ரல் 10, வியாழன்

சண்டை.

பி.எச். பாடம். சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பித்தேன். குட்டி வக்கீல், "சரி, ஏழுலேருந்து ஆறுக்கு எறங்கினா என்ன ஆகுது?" என்றாள். ஒன்று குறைகிறது என்றேன். "என்ன ஒண்ணு?" "அதான், ஒண்ணு." பேனாவை மேசையில் போட்டாள். "நீங்க மனப்பாடம் பண்றீங்க அண்ணி. உங்களுக்குப் புரியவே இல்ல. இப்படியே போனா அறுபதைக் கண்ணால பாக்க முடியாது."

எனக்கு வந்தது பார் கோபம்! உனக்கென்னடி, உக்காந்த எடத்துக்குச் சாப்பாடு வருது, நீ படிக்கிறே. நான் காலைல நாலரைக்கு எழுந்து சமைச்சு வச்சுட்டு, எட்டு மணி நேரம் மோட்டார் சத்தத்துல நின்னுட்டு வர்றேன். புரியலயாம், புரியல. பன்னெண்டு வருஷமா இதே பி.எச்.சை நான் தினம் நாலு தடவை பாக்கறேன், எனக்குச் சொல்ல வந்துட்டா — இதையெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அது அசிங்கம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன் வழியாகத்தான் கேட்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

அவள் சொன்னது சரி. எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே பன்னிரண்டு வருடம் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

காலையில் கூட்டம் அதிகம். பதினோரு மணிக்குத் தண்ணீரைப் பார்த்தால் 8.2. வழக்கம்போல ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுழலவிட்டு, பார்த்து, மறுபடி சேர்த்து, 7.2-க்குக் கொண்டுவந்தேன். நோட்டில் மேலே 8.2, கீழே 7.2 என்று எழுதினேன். ஒன்று. அந்த "என்ன ஒண்ணு?" காதில் விழுந்துகொண்டே இருந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, சூத்திரத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த பத்தியைப் படித்தேன். இத்தனை நாள் தாண்டிப் போன பத்தி.

ஒரு படி என்றால் பத்து மடங்கு. இரண்டு படி என்றால் நூறு. எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது, அதுவும் பத்துப் பத்து மடங்காக! நான் என்னவோ மாடிப்படியில் ஒரு படி இறங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்தே போன் போட்டேன். மோட்டார் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. "ஒண்ணுன்னா பத்துடி! ஒண்ணு இல்ல, பத்து!"

"யாருங்க பேசறது?" என்றாள். நான்தான் என்று தெரிந்தே.

"உங்க அண்ணிதான்டி. நீ சொன்னது சரி. நான் சாப்பாட்டப் பத்திச் சொன்னது தப்பு."

"ஏழுலேருந்து நாலுக்கு?" என்றாள்.

"ஆயிரம்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் சமையல் முடிந்திருந்தது. உப்பு தூக்கலாக இருந்தது. மூச்சு விடாமல் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

26-ஆம் தேதி பள்ளிப் பிள்ளைகளின் நீச்சல் போட்டியாம். லீவு கேட்டதற்கு மேனேஜர் கையை விரித்தார். "அன்னிக்கு நீங்க இல்லாம எப்படிம்மா? அடுத்த வருஷம் எழுதிக்கக் கூடாதா? அதோட... தப்பா நெனைக்காதீங்க, அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?"

"எனக்கு முப்பத்தெட்டுதான் சார். இன்னும் பன்னெண்டு வருஷம் டைம் இருக்கு."

சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். நேற்றுதான் கரைசல் பாடம் முடித்திருந்தேன்: சூடாக்கினால் வேகமாகக் கரையும், கலக்கினால் இன்னும் வேகம். சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு கலக்கினேன். அன்றைக்கு ஆசிட் அளவு யார் பார்ப்பது என்பதுதானே கவலை? உயிர்காப்பாளர் அண்ணனுக்கு நான் ஒரு வாரம் கற்றுத் தருகிறேன். எதற்குப் பிறகு எது, எதை எதற்குப் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது, எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். முந்தின நாள் இரவே தண்ணீரைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போகிறேன். இரண்டாவது டீயில் மேனேஜர் கரைந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாதிரித் தேர்வு: ஐம்பத்தெட்டு. அந்த இரண்டு எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது?

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று படிக்க வேண்டாம் என்று குட்டி வக்கீலின் தீர்ப்பு. புத்தகங்களையெல்லாம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தண்ணீர் 7.4. சுவரில் ஒட்டிய காகிதத்தை உயிர்காப்பாளர் அண்ணன் சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பயமாக இருக்கிறது, ஆனால் ஓடிப் போகச் சொல்கிற பயம் இல்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்கிற மாதிரி.

ஏப்ரல் 26, சனி

எழுதிவிட்டேன்.

கணக்குகள் ஓரளவு வந்தன. மோல் கணக்கு ஒன்றை இரண்டு முறை போட்டும் இரண்டு விடை வந்தது, பிடித்ததை எழுதினேன். பி.எச். கேள்வி வந்தது! அதைப் பார்த்து அந்த அறையிலேயே சிரித்துவிட்டேன்.

பதினான்காம் கேள்விதான். "சோடியமும் பொட்டாசியமும் வேதிப் பண்புகளில் ஒத்திருப்பது ஏன்? விளக்குக." கடைசிப் பத்து நிமிடம். கை தானாக ஓடியது. எழுதி முடித்துத் திரும்பிப் படிக்கிறேன், முதல் வரி இப்படி இருக்கிறது: "சோடியமும் பொட்டாசியமும் சகலைகள். இருவரும் குளோரின் வீட்டில் பெண் எடுத்தவர்கள்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. அடிக்கப் பேனாவை வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மேற்பார்வையாளர் பக்கத்து மேசை வரை வந்துவிட்டார். அதன் கீழே "அதாவது, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான்" என்று மட்டும் கிறுக்கினேன். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சகலை! கல்லூரிப் பேராசிரியர் திருத்தும் தாளில் சகலை!

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். குட்டி வக்கீல் மட்டும் சிரிக்காமல் கணக்குப் போட்டாள்: அந்தக் கேள்வி போனால் எட்டு மதிப்பெண். மீதி எல்லாம் நான் சொன்னபடி இருந்தால் ஐம்பத்தாறிலிருந்து அறுபத்தைந்துக்குள்.

"அது என்ன பதில், ஐம்பத்தாறிலேருந்து அறுபத்தஞ்சா?" என்றேன்.

"என் கட்சிக்காரர் தாள்ல எழுதினது எனக்கு முழுசாத் தெரியாதே அண்ணி."

மே 3, சனி

முடிவு 9-ஆம் தேதி கல்லூரிப் பலகையில் ஒட்டுவார்கள். நாத்தனாரிடம் 12 என்று சொல்லி வைத்திருக்கிறேன். போய்த் தனியாகப் பார்க்க வேண்டும். என்ன இருந்தாலும் முதலில் நான் மட்டும்.

மே 9, வெள்ளி

இல்லை. என் எண் இல்லை. ஆயத்த வகுப்பிலயும் இல்ல. அதுக்குக்கூட லாயக்கில்லன்னு ஆயிடுச்சு. முப்பத்தொண்ணுதான் நான்.

அதே நாள், சாயங்காலம்

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். தேதியை மாற்றிச் சொன்னதற்குக்கூடச் சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாரணை தொடங்கியது.

"எத்தனை தாள் ஒட்டியிருந்தாங்க?"

"ரெண்டு. இந்தப் பக்கம் ஆயத்த வகுப்பு. பெரிய தாள். நூறு பேருக்கு மேல. மூணு தடவை விரல் வச்சுப் பாத்தேன். 2147 இல்ல."

"அந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

"இன்னொரு தாள் அண்ணி. நேரடி வகுப்பு."

அவள் என்னையே பார்த்தாள்.

"அதைப் பாக்கலயா?"

பார்க்கவில்லை. கூட்டம் இருந்தது, வெயில் இருந்தது என்று என்னவோ சொன்னேன். எல்லாம் பொய். அந்தத் தாளின் முன்னால் நின்றிருக்கிறேன், அதன் தலைப்பைப் படித்திருக்கிறேன். அங்கே என் எண்ணைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பரீட்சை எழுதின எல்லாரும் ரெண்டுல ஏதாவது ஒரு தாள்ல இருந்தாகணும் அண்ணி. வேற தாள் கெடையாது" என்றாள். குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. "செருப்பைப் போடுங்க."

கல்லூரி வாசல் பூட்டியிருந்தது. கம்பிக்கு வெளியே நின்று இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்த்தோம். பலகை தெரிந்தது, எண்கள் தெரியவில்லை.

மே 10, சனி

2147.

நேரடி வகுப்பு, மேலிருந்து பதினேழாவது. குட்டி வக்கீல்தான் முதலில் பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து, விரலைத் தாளில் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு எண்ணாக என்னையே வாசிக்க வைத்தாள். பதினேழாவதில் விரல் நின்றது. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், ஓவென்று அழுதேன். வெட்கமாகவே இல்லை.

அலுவலகத்தில் மதிப்பெண் சீட்டு கொடுத்தார்கள். அறுபத்து நான்கு. பதினான்காம் கேள்விக்கு எவ்வளவு போட்டார்கள் என்று அதில் இல்லை. கேட்கவும் இல்லை.

அவர் வண்டி எந்த நிறுத்தத்தில் இருக்கும் என்று கணக்குப் பார்த்துப் போய் நின்றோம். ஜன்னல் வழியாகச் சீட்டைக் காட்டினேன். பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஹாரனை நீளமாக அடித்தார். பயணிகள் திட்டியிருப்பார்கள்.

ஜூன் 2, திங்கள்

மாலை ஐந்தரைக்கு முதல் வகுப்பு. பேருந்து தாமதம், ஐந்து நிமிடம் பிந்திப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் மேடம்" என்றார்கள். முப்பது பிள்ளைகள், எல்லோருக்கும் பதினெட்டு பத்தொன்பது வயதுதான் இருக்கும். யாருக்கு எழுந்தார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"உக்காருங்க, உக்காருங்க. நானும் உங்க கூடத்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.